வோல்ட் என்பது தடையின் பெயராக இருந்தபோது

சென்ற மாதம் எங்கள் ஆய்வாளர் விடுதியில் ஒரு சிறு வழக்கு என்னிடம் வந்தது. முதுகலை இயற்பியல் முதலாண்டு மாணவர் ஒருவர் பழைய குண்டு பல்பு ஒன்றையும் மல்டிமீட்டர் ஒன்றையும் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். பல்பின்மேல் 60 வாட், 230 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 0.26 ஆம்பியர். மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். ஆனால் மல்டிமீட்டர் 65 ஓம் என்றது. “அக்கா, ஃபார்முலா பொய் சொல்லுதா, மீட்டர் பொய் சொல்லுதா?” என்றார்.

மொழியியல் படித்தவளிடம் கொண்டுவரத்தக்க வழக்கன்று இது. அறிவியல் கலைச்சொற்களின் வரலாற்றில் ஆய்வு செய்கிறேன் என்பதால், எதைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வேன் என்ற நம்பிக்கை அவருக்கு. சுருக்கமான விடை இது: இரண்டும் உண்மை. மல்டிமீட்டர் மிகச் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு அளக்கிறது. அப்போது டங்ஸ்டன் இழை அறையின் வெப்பநிலையில் இருக்கிறது. எரியும்போது அதே இழை 2,500 பாகை செல்சியசை ஒட்டிய வெம்மையில் இருக்கிறது. தடை பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. வகுத்துக் கிடைக்கும் எண் அந்தக் கணத்தின் தடை; எக்காலத்துக்கும் உரிய தடை அன்று. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுப்பதற்குத் ‘தடை’ என்று பெயரிடுவது ஒரு வரையறை. வெப்பநிலை மாறாதவரை உலோகத்தில் அந்த ஈவு மாறாது என்பதுதான் விதி. பாடநூல்கள் இரண்டையும் ஒரே வரியில் அச்சிட்டு, ஓம் விதி என்று தலைப்பிட்டுவிடுகின்றன.

விதி, வரையறை என்ற இந்தக் குழப்பம் பாடநூல்களோடு தொடங்கவில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்ற மூன்று சொற்களும் இன்று நமக்கு நிலைத்த பொருளுடையவை. விதி கண்டறியப்பட்டபோது அவற்றுள் ஒன்றுகூட நிலைத்திருக்கவில்லை. அவை நிலைபெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கடலடியில் பெரும்பணம் மூழ்கவும் வேண்டியிருந்தது.

அளவுகோலே இல்லாத காலத்தில் இதே விதியின் வாசலுக்கு ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். ஹென்றி கேவண்டிஷ் 1770களிலும் 1781 வரையிலும் உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியே மின்னிறக்கம் செய்து, தம் உடலையே மீட்டராக்கிக்கொண்டார். இரண்டு அதிர்ச்சிகளுள் எது வலிது என்று உணர்ந்து, இரண்டும் சமமாகும்வரை குழாயின் நீளத்தை மாற்றுவார். அந்தக் குறிப்புகளை அவர் வெளியிடவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1879இல், மேக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்தபோதுதான் அவர் எவ்வளவு அருகில் வந்திருந்தார் என்று உலகம் அறிந்தது. வெளியிடப்படாத ஆய்வேடு எவ்வளவு சிறந்ததாயினும் வரலாற்றில் வினையாற்றாது என்று நெறியாளர்கள் நமக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

1800இல் வோல்ட்டா தம் மின் அடுக்கை அறிவித்தார். 1820இல் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று எர்ஸ்டெட் காட்டினார். அதே ஆண்டில் ஆம்பியர் செய்தது, என் துறைக் கண்ணுக்கு, எந்தச் சோதனைக்கும் குறையாதது: ‘அழுத்தம்’ வேறு, ‘ஓட்டம்’ வேறு என்று அவர் சொல்லால் பிரித்தார். சுற்று திறந்திருக்கும்போது மின்னோக்கி காட்டுவது ஒன்று. மூடியிருக்கும்போது காந்த ஊசி காட்டுவது மற்றொன்று. அதுவரை இரண்டும் ‘மின்சாரத்தின் வலிமை’ என்ற ஒரே பொதுப்பெயரில் கலந்துகிடந்தன. பிரித்துவைத்த அந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம். எர்லாங்கனில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாக 1789இல் பிறந்தவர். 1825இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரை தவறானது. கம்பி நீள நீள மின்னோட்டத்தின் விளைவு எப்படிக் குறைகிறது என்று அளந்து, மடக்கை வடிவிலான ஒரு சூத்திரத்தை அவசரமாக அச்சேற்றிவிட்டார். பழுது சூத்திரத்தில் தொடங்கவில்லை. அவர் பயன்படுத்திய வோல்ட்டா அடுக்கு, இணைத்த கணம் முதல் வலுவிழந்துகொண்டே வந்தது. அளக்கும் பொருள் நிலையாக இருந்தாலும் அளக்கப் பயன்படும் மூலம் நழுவிக்கொண்டிருந்தது.

‘அன்னாலன்’ இதழின் ஆசிரியர் போக்கன்டார்ஃப், அடுக்கை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தும்படி ஓமுக்கு ஆலோசனை சொன்னார். இரு வேறு உலோகங்களின் சந்திப்புகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று ஜேபெக் 1821இல் கண்டிருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறுவதில்லை. ஆகவே மின் மூலமும் மாறவில்லை. ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகள், 2 அங்குலம் முதல் ஏறத்தாழ 130 அங்குலம் வரை. ஒவ்வொன்றையும் சுற்றில் சேர்த்து, மெல்லிய தகட்டில் தொங்கிய காந்த ஊசி எவ்வளவு முறுக்கைத் தாங்குகிறது என்று அளந்தார்.

1826இல் கிடைத்த முடிவு மடக்கையைவிட எளியது. ஊசி காட்டும் விளைவு, ஒரு மாறிலியை ‘கம்பியின் நீளமும் இன்னொரு மாறிலியும்’ சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. அடுத்து அவர் சந்திப்புகளின் வெப்பநிலை வேறுபாட்டை மாற்றினார். மேலே இருந்த மாறிலி மாறியது. கீழே இருந்தது மாறவில்லை. மேலே இருப்பது மூலத்துக்கு உரியது, கீழே இருப்பது பாதைக்கு உரியது என்று இந்த ஒரே அடியில் தெளிந்துவிட்டது. அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கருத்துகளைப் பிரித்த இந்த இடத்தை வகுப்பறையில் எவரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

அவருடைய சொற்களைக் கவனியுங்கள். 1827இல் பெர்லினில் வெளிவந்த நூலில் அவர் நம் பொருளில் ‘தடை’ என்று எழுதவில்லை. ‘சுருக்கப்பட்ட நீளம்’ என்று எழுதினார். ஒரு சுற்றில் உள்ள வேறுபட்ட கம்பிகள் அனைத்தையும் ஒரே வகைக் கம்பியாகச் சுருக்கினால் எவ்வளவு நீளம் வருமோ அந்த நீளம். மின்னழுத்தத்துக்கு அவர் இட்ட பெயர் மின்னோக்கியின் பெயரிலிருந்து வருவித்த ஒரு தொடர். பூரியே 1822இல் வெப்பக் கடத்தலுக்கு எழுதிய கணிதத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கம்பியில் மின்சாரம் பரவுவதையும் அவ்வாறே கருதினார். இன்று நாம் சோதனைக் கட்டுரையை மறந்து இந்த நூலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அன்றோ நூலின் கணித உடையே பலரை அதனிடமிருந்து விலக்கியது.

நூலை எழுதுவதற்காக ஓம் விடுப்பெடுத்துக்கொண்டு அரைச் சம்பளத்தில் பெர்லினில் தங்கினார். பல்கலைக்கழகப் பணி கிடைக்கும் என்று நம்பினார், கிடைக்கவில்லை. கொலோன் வேலையையும் விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் சிறு ஊதியத்துக்குக் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். 1833இல் நூரென்பெர்க்கில் நிலையான பணி. 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம். 1852இல் மூனிக்கில் இயற்பியல் பேராசிரியர் இருக்கை. 1854இல் மறைந்தார். ‘உலகமே புறக்கணித்த மேதை’ என்று இக்கதையை மிகைப்படுத்துவதும் சரியன்று. லைப்சிக்கில் ஃபெக்னரும் உருசியாவில் லென்ஸும் 1830களிலேயே அவருடைய விதியைக் கையாண்டுகொண்டிருந்தார்கள். புறக்கணிப்பைவிட, அதனால் என்ன பயன் என்று பெரும்பாலோருக்குத் தெரியாதிருந்ததே காரணம் என்று நான் கருதுகிறேன்.

பயன் தந்தியிலிருந்து வந்தது. 1843இல் வீட்ஸ்டன் ஆங்கில வாசகர்களுக்கு ஓமின் கருத்துகளை அளக்கும் கருவிகளோடு அறிமுகப்படுத்தினார். ஆனால் அளவு எதில்? வீட்ஸ்டன், 100 கிரெயின் எடையுள்ள ஓரடிச் செம்புக் கம்பியை அலகாகக் கொண்டார். இங்கிலாந்துத் தந்தியாளர்கள் தடையைச் செம்புக் கம்பியின் மைல்களில் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இரும்புக் கம்பியின் கிலோமீட்டர்களில் சொன்னார்கள். ‘இந்தச் சுருளின் தடை 40 மைல்’ என்பது அன்று இயல்பான வாக்கியம். ஓமின் ‘சுருக்கப்பட்ட நீளம்’ இவ்வாறு தொழிலாளர் பேச்சில் உயிரோடு இருந்தது. 1860இல் வெர்னர் சீமன்ஸ், 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட பாதரசத் தம்பத்தை அலகாக முன்மொழிந்தார். அதுவும் நீளந்தான், பொருள்தான் தூயது.

இதற்கிடையே அட்லாண்டிக் கடலடியில் 1858 ஆகஸ்டில் முதல் கம்பி முழுமை பெற்றது. விக்டோரியா அரசி அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. அந்தக் கம்பி ஆற்றிய பயனுள்ள பணி ஒன்று இந்தியாவோடு தொடர்புடையது: இங்கே நடந்த எழுச்சியை அடக்கும் தேவைக்காகக் கனடாவிலிருந்து புறப்படவிருந்த இரண்டு படைப்பிரிவுகளை, ‘வேண்டாம், நில்லுங்கள்’ என்று அது தடுத்தது. சில வாரங்களில் கம்பி செத்தது. மின்பொறுப்பாளர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ் தொழிலால் அறுவை மருத்துவர். செய்தி மெதுவாகப் போனால் இன்னும் வலிய அதிர்வைக் கொடுக்கவேண்டும் என்று எண்ணியவர். தம் தூண்டு சுருள்களால் அவர் செலுத்திய மின்னழுத்தம் ஏறத்தாழ 2,000 வோல்ட் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். ஏற்கெனவே நலிந்திருந்த காப்புறை அதைத் தாங்கவில்லை. ‘பின்னாளில்’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். 2,000 வோல்ட் என்று அன்று அவரைக் குற்றஞ்சாட்ட எவராலும் இயன்றிராது. வோல்ட் என்று ஓர் அளவே அன்று உலகில் இல்லை.

அடுத்த இழப்பு நமக்கு இன்னும் அருகில். 1857க்குப் பிறகு இந்தியாவோடு விரைந்து பேசவேண்டும் என்ற பதற்றத்தில், செங்கடல் வழியே சூயஸிலிருந்து ஏடனுக்கும் அங்கிருந்து கராச்சிக்கும் 1859, 1860 ஆண்டுகளில் கம்பி போட்டார்கள். சிறிது காலத்திலேயே அதுவும் பகுதி பகுதியாகச் செயலிழந்தது. பிரித்தானிய அரசு அந்நிறுவனத்துக்கு நிபந்தனையின்றி உத்தரவாதம் கொடுத்திருந்ததால், ஓடாத கம்பிக்கு ஆண்டுதோறும் 36,000 பவுண்டு என 50 ஆண்டுக்குப் பணம் கட்டவேண்டியதாயிற்று. அரசு அமைத்த கூட்டு விசாரணைக் குழு 1861இல் வெளியிட்ட கணக்கின்படி, அதுவரை உலகக் கடல்களில் போட்ட 11,364 மைல் கம்பியில் ஏறத்தாழ 3,000 மைல்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

கம்பி அறுந்தால் கரையிலிருந்தே அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுப்பது. கம்பியின் தடை மைலுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். கரையில் அளக்கும்போது 1,200 வந்தால், பழுது 120 மைலில். (அறுந்த முனைக்கும் கடல்நீருக்கும் இடையிலுள்ள தடையும் இதில் சேரும், அதைக் கழிக்க இரு கரையிலிருந்தும் அளப்பார்கள்.) கப்பலில் ஒருவர் செம்பு மைலிலும் கரையில் ஒருவர் பாதரச மீட்டரிலும் அளந்துகொண்டிருந்தால், கப்பல் வேறெங்கோ கொக்கி போட்டுத் துழாவும். அதிலும் செம்புக்குச் செம்பு தடை பெரிதும் வேறுபடுகிறது என்று வில்லியம் தாம்சன் 1857இலேயே காட்டியிருந்தார்.

ஆகவே 1861இல் மான்செஸ்டரில் கூடிய பிரித்தானியக் கழகத்தின் முன், கம்பிப் பொறியாளர்கள் லாட்டிமர் கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும் ஒரு கட்டுரை வைத்தார்கள்: அளவுகளுக்கு ஒரு ஒழுங்கும் பெயர்களும் வேண்டும், பெயர்கள் அறிஞர்களின் பெயரிலிருந்து வரலாம். நான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்ததே அவர்கள் தந்த பட்டியலால்தான். அழுத்தத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஓமா’. தடைக்கு இட்ட பெயர் ‘வோல்ட்’! இன்று எந்த மாணவரும் மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும் அந்த இரண்டும், பிறந்தபோது இடம் மாறித்தான் பிறந்தன. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான பந்தம் ஏதுமில்லை என்பதற்கு மொழியியல் வகுப்பில் ‘மரம்’ என்ற சொல்லையே எத்தனை நாள் சுற்றிவருவது? இதைக் கொடுக்கலாம்.

தாம்சனின் முயற்சியால் அதே கூட்டத்தில் ஒரு குழு அமைந்தது. மேக்ஸ்வெல், பால்ஃபர் ஸ்டூவர்ட், ஃபிளீமிங் ஜென்கின் மூவரும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில், சுழலும் கம்பிச் சுருளின் நடுவே காந்த ஊசியைத் தொங்கவிட்டு, தடையை எந்த உலோகத்தின் நீளத்தையும் சாராமல் அடிப்படை அளவுகளிலிருந்து பெற்றார்கள். 1865இல் பிளாட்டினம்-வெள்ளிக் கலவைச் சுருள்களாக அலகு வெளிவந்தது. அது உண்மை மதிப்பைவிட ஏறத்தாழ 1.3 விழுக்காடு குறைவு என்று பின்னர் ரேலி கண்டறிந்தார். ஆயினும் இலண்டனிலும் கராச்சியிலும் ஒரே எண்ணைச் சொல்ல அது போதுமானதாக இருந்தது. அலகு வெளிவருவதற்கு முந்திய ஆண்டு பாரசீக வளைகுடாவில் போட்ட கம்பிக்குப் பிரைட்டும் கிளார்க்குமே பொறியாளர்கள். 1865இல் இந்தியா ஐரோப்பாவோடு தந்தியால் இணைந்தது.

1881இல் பாரிசில் கூடிய மின் வல்லுநர் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் பன்னாட்டுப் பெயர்களாக ஏற்றது. அங்கே ஆம்பியருக்குத் தந்த வரையறை: ஒரு ஓம் தடையில் ஒரு வோல்ட் செலுத்தும் மின்னோட்டம். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கொதிநீரும் பனிக்கட்டியும் கொண்டு கண்ட விதி, இப்போது அலகின் இலக்கணமாகிவிட்டது. விடுதி மாணவரின் குழப்பத்துக்கு வித்து இங்கே இருக்கிறது.

திறனின் கதை சிறியது. மான்செஸ்டருக்கு அருகே மதுக்காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல், 1841இல், தம் இருபத்திரண்டாம் வயதில், கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெப்பம் தடையோடு நேர்விகிதத்திலும் மின்னோட்டத்தின் இருமடியோடு நேர்விகிதத்திலும் உயர்வதைக் கண்டார். ஓமின் விதியை இதனோடு சேர்த்தால், திறன் என்பது மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருக்கியது என்று வந்துவிடுகிறது. 1882இல் வெர்னரின் தம்பி வில்லியம் சீமன்ஸ் சவுத்தாம்டனில் ஆற்றிய தலைமையுரையில், ஒரு வோல்ட்டையும் ஒரு ஆம்பியரையும் பெருக்கிய அளவுக்கு ‘வாட்’ என்று பெயரிட முன்மொழிந்தார். 1889இல் அது பன்னாட்டு ஏற்புப் பெற்றது.

இங்கே மாணவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. திறன் மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கியது என்றால் தடை கூடக் கூட வெப்பம் கூடவேண்டும். மின்னழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தது என்றால் தடை கூடக் கூட வெப்பம் குறையவேண்டும். எது சரி? எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை 53 ஓம்; 60 வாட் பல்பின் தடை 880 ஓம். வீட்டில் இரண்டுக்கும் ஒரே 230 வோல்ட். எனவே தடை குறைந்தது மிகுதியாகச் சுடுகிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சுருளிலும் அதன் வெளிக்கம்பியிலும் ஓடுவது ஒரே 4.35 ஆம்பியர். வெளிக்கம்பியின் தடை 0.1 ஓம் என்றால் அங்கே விரயம் 2 வாட்டுக்கும் குறைவு. இங்கே தடை மிகுந்தது சுடுகிறது. ஓமின் சுற்றில் மாறாதிருந்தது மூலம். ஜூல் அளந்தபோது கணக்கில் முன்னின்றது ஓட்டம்.

இந்தக் கணக்கின் பெரும்பயனை இந்தியா 1902இல் கண்டது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரத்தைக் கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கொண்டுசென்றார்கள். முப்பதாயிரம் வோல்ட் அளவுக்கு அழுத்தத்தை உயர்த்தினால் அதே திறனுக்கு ஓட்டம் குறையும். விரயமோ ஓட்டத்தின் இருமடி. அழுத்தம் நூறு மடங்கானால், அதே கம்பியில் விரயம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களுள் பெரும்பகுதியினர் வடஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். அவர்கள் வீட்டுக்கு அந்த மின்சாரம் எப்போது வந்தது என்பது தனியே எழுதவேண்டிய வரலாறு.

நம் பேச்சிலும் இந்தச் சொற்கள் இன்னும் முழுதாக அமரவில்லை. ‘கரண்ட் போயிருச்சு’ என்பதில் கரண்ட் வழங்கல். ‘கரண்ட் அடிச்சிருச்சு’ என்பதில் அதிர்ச்சி. ‘கரண்ட் பில்’ என்பதிலோ அது ஓட்டமும் அன்று, திறனும் அன்று, ஆற்றல். வியப்பென்னவென்றால் ‘லோ வோல்டேஜ்’ என்பதை மட்டும் எல்லோரும் பிழையின்றி ஆள்கிறார்கள். மங்கும் விளக்கும் தளர்ந்து சுழலும் விசிறியும் கற்பித்த பாடம் போலும். எழுத்துத் தமிழிலும் தமிழகப் பாடநூல் ‘திறன்’ என்பதை இலங்கைப் பாடநூல் ‘வலு’ என்கிறது. இங்கே ‘ஆற்றல்’, அங்கே ‘சக்தி’. 1861இன் மான்செஸ்டர் நமக்கு இன்னும் முடியவில்லை.

அலகுகளின் கதை 2019 மே 20 அன்று மீண்டும் திரும்பியது. ஆம்பியர் இப்போது எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. ஆனால் ஆய்வகத்தில் அதை நடைமுறையில் பெறும்போது, ஜோசப்சன் விளைவிலிருந்து வோல்ட்டையும், கிளிட்சிங் 1980இல் கண்ட குவாண்டம் ஹால் விளைவின் 25,812.8 ஓமையும் எடுத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் வழியே பெரிதும் வழக்கில் உள்ளது. இதைச் சொன்னதும் விடுதி மாணவர் மல்டிமீட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப இதுவும் உள்ளே வகுக்கத்தான் செய்யுதா அக்கா?” என்றார். ஆம், தானறிந்த ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, எழும் அழுத்தத்தை அளந்து, வகுத்துத்தான் 65 என்றது.